பதினோராம் பக்கத்து மேல்விலங்கு

நவம்பர் 3, திங்கள்

அன்புள்ள அண்ணாவுக்கு,

போனை எடுக்கப் போவதில்லை என்று முடிவு செய்துவிட்டாய். சரி. பதினேழு முறை அடித்துப் பார்த்துவிட்டுத்தான் பேனாவைக் கையில் எடுத்திருக்கிறேன். சின்னவனைக் கேட்டால், “அண்ணன் மாடியில துணி காயப்போட்டுட்டு இருக்கார்” என்று மூன்று நாளாக ஒரே பாட்டைப் பாடுகிறான். அப்படி என்ன துணி அண்ணா, மூன்று நாளாகக் காய்கிறது? நம் தம்பிக்கு நன்றாகப் பொய் சொல்லவாவது நீ கற்றுக்கொடுத்திருக்கலாம்.

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன். கோபத்தை ஓரமாக வைத்துவிட்டுப் படி.

பள்ளிக்கு ஐம்பது வயதானதற்குச் சிறப்பு மலர் போடலாம் என்றது தலைமையாசிரியை. பாடம் நடத்துகிறவரோ, பெருக்குகிறவரோ, வேலை செய்கிற நாற்பத்தொரு பேரைப் பற்றியும் ஒரு படம், இரண்டு வரி. படிவம் தயாரித்தது நான். ‘படிப்பு’ என்று ஒரு கோடு, என்ன படித்தார்கள் என்று. ‘பிடிப்பு’ என்று ஒரு கோடு, மனசு எதில் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று. எதுகை எவ்வளவு அழகாக விழுந்திருக்கிறது என்று எனக்கு நானே முதுகில் தட்டிக்கொண்டேன். அந்தத் திமிருக்குத்தான் இப்போது அனுபவிக்கிறேன்.

வந்த படிவங்களை வீட்டில் உட்கார்ந்து சேர்ந்துதானே படித்தோம்? விளையாட்டு சார் பிடிப்பு என்ற இடத்தில் ‘வலது கெண்டைக்கால், குளிர் காலத்தில் மட்டும்’ என்று எழுதியிருந்ததற்கு நீ புரையேறும் வரை சிரித்தாய். காவலாளி, படிப்பு: ‘தினசரி, முதல் பக்கம் தொடங்கிக் கடைசிப் பக்கம் வரை.’ பெருக்குகிற அக்கா மட்டும் படிவத்தை நீட்டி, “படிப்புல என் பொண்ணோடதைப் போடலாமா டீச்சர்?” என்று கேட்டதைச் சொன்னபோது நீ சிரிக்கவில்லை. “போடு, தாராளமா போடு” என்றாய்.

உன் படிவத்தில் படிப்புக் கோடு காலி. பிடிப்பு: வேதியியல். காலியாக விட்ட கோடுகளை எடுத்துவிடச் சொல்லி அலுவலகம் அச்சகத்துக்குச் சொல்லிவிட்டது. மிச்சமிருந்த ஒரு வரியிலும் ‘பி’யின் தலையில் இருக்கும் அந்த வளைவு, தமிழாசிரியர்கள் நாங்கள் மேல்விலங்கு என்போமே, அது விழுந்துவிட்டது. ‘பி’ ‘ப’ ஆகிவிட்டது. பதினோராம் பக்கத்தில், ஆய்வகத்தில் குடுவையோடு நீ நிற்கும் படத்துக்குக் கீழே: படிப்பு: வேதியியல்.

அச்சுப் பிழை அண்ணா. அவ்வளவுதான். இதற்குப் போய் இருபத்தொன்பது வருட வேலையை விட்டுவிட்டு, ராஜினாமாக் கடிதத்தைத் தலைமையாசிரியை மேசையில் வைத்துவிட்டு, என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் நம் வீட்டு மாடி அறையைப் பூட்டிக்கொண்டு சின்னவன் ஊருக்கு ரயில் ஏறுவதா? அவர் கடிதத்தை இழுப்பறையில் போட்டு, “மாசக் கடைசி வரைக்கும் இது என் கண்ணுல படலை” என்று மூடிவிட்டார். முப்பதாம் தேதி வரை அவகாசம்.

மேல்விலங்கு இல்லையென்றால் அரை மார்க் குறைக்கிறவள் என்றுதான் பிள்ளைகள் எனக்கு ‘அரைமார்க்’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். நீயும் வீட்டில் அப்படித்தான் கூப்பிடுவாய். நான்கு நாளாக அந்தப் பெயரைக் கேட்காமல் காது என்னவோ போலிருக்கிறது. உன் மாப்பிள்ளை கேரம் பலகையை விரித்து, இந்தப் பக்கம் ஒரு அடி, எழுந்து போய் அந்தப் பக்கம் ஒரு அடி என்று தனியாக ஆடுகிறார். அதிலும் தோற்கிறார்.

ஆய்வகத்தில் நீ நீலப் படிகம் வளர்க்கிற மயில்துத்தக் குடுவையைப் பற்றிக் கவலைப்படாதே. தண்ணீர் குறைந்திருந்தது. நானே ஒரு டம்ளர் ஊற்றி நிரப்பிவிட்டேன்.

உன் தங்கை

●

நவம்பர் 7, வெள்ளி

தமிழாசிரியை அவர்களுக்கு,

கடிதம் கிடைத்தது. நலமாக இருக்கிறேன். துணி காய்ந்துவிட்டது.

அச்சுப் பிழையைப் பற்றி நான் எதுவும் கேட்கவில்லை. நான் கேட்பது ஒன்றே ஒன்று. அன்று ஆசிரியர் அறையில் மலரைக் கொடுத்தபோது புது வேதியியல் சார் பிரித்துப் பார்த்துவிட்டு, “அட, அண்ணன் நம்ம சப்ஜெக்டா! எந்த காலேஜ்ண்ணா?” என்றார். நல்ல மனதோடுதான் கேட்டார். பின்னாலிருந்து யாரோ, “அவ்வளவு படிச்சவரு ஏன் குடுவை கழுவிட்டு இருக்காரு?” என்றார்கள். எல்லோரும் சிரித்தார்கள். நான் உன்னைப் பார்த்தேன். நீ டீக் கோப்பைக்குள் பார்த்துக்கொண்டிருந்தாய். ஏன்?

குடுவை கழுவுவதில் எனக்கு வெட்கம் இல்லை. ஒரு நாளும் இருந்ததில்லை. வீட்டிலும் யாருக்கும் இல்லை என்று இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

இப்படிக்கு,
ஆய்வக உதவியாளர் (முன்னாள்)

பி.கு.: தண்ணீரா ஊற்றினாய்? அடிப்பாவி! அது என்ன துளசிச் செடியா, வாடினால் தண்ணீர் ஊற்றுவதற்கு? நூலில் தொங்குகிற அந்தப் படிகம் ஆறு மாதமாக வளர்கிறது. தண்ணீர் ஆவியாகி ஆவியாகிக் குறைந்தால்தான் அது வளரும். வெறும் தண்ணீரை ஊற்றினால் கரைந்துபோகும். எலுமிச்சம்பழ அளவு இருந்தது. இப்போது என்ன அளவில் இருக்கிறதோ, கேட்கவே பயமாக இருக்கிறது. உடனே போ. இடது அலமாரி, இரண்டாவது தட்டு, என் கையெழுத்தில் 7 என்று போட்ட நீலப் பொடி. புது சாரையும் கூட்டிக்கொண்டு போ. வெந்நீரில் பொடியைப் போட்டுக் கலக்கு, இனிமேல் கரையாது என்று அடம்பிடிக்கும் வரை போடு. ஒரு நாள் முழுக்க ஆறட்டும். வடிதாளில் வடிகட்டு. படிகத்தை மெதுவாக, நூலைப் பிடித்து, புதுக் கரைசலில் இறக்கு. மேலே காகிதம் மூடு. கையுறை போடாமல் தொடாதே, அது விஷம். முடித்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவு. பிறகு அந்தப் பக்கமே போகாதே. அதைத் தொந்தரவு செய்யாமல் இருப்பதுதான் வேலையே.

●

நவம்பர் 11, செவ்வாய்

அன்புள்ள அண்ணாவுக்கு,

கடிதத்தைவிடப் பின்குறிப்பு நீளமாக இருந்ததைப் பார்த்ததும் எனக்கு உயிர் வந்தது. நீ திட்டுகிற வரை எனக்கு அண்ணன் உண்டு.

எலுமிச்சம்பழம் இப்போது நெல்லிக்காய். முனையெல்லாம் மழுங்கி, சப்பிப் போட்ட மிட்டாய் மாதிரி ஆகிவிட்டது. நீ சொன்னபடியே செய்தோம். புது சார் கலக்கினார், நான் 7 என்று போட்ட பாட்டிலைத் தேடினேன். உன் அலமாரி என் பீரோவைவிட ஒழுங்காக இருக்கிறது. ஒவ்வொரு பாட்டிலும் அதன் பெயர் தெரிகிற மாதிரி முகத்தை முன்னால் திருப்பி நிற்கிறது. நாங்கள் எடுத்த பாட்டிலைச் சரியாக வைத்தோமா என்று அவர் மூன்று முறை திரும்பிப் பார்த்தார்.

பாவம், இப்போது குடுவைகளை அவரே கழுவுகிறார். “எவ்வளவு தேய்ச்சாலும் வெள்ளையா படியுது டீச்சர். அண்ணன் என்னதான் பண்ணுவார்?” என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. பத்தொன்பது வருடமாக ஒரே பள்ளியில் வேலை பார்க்கிறோம், ஒரே கூரைக்கு மேலே கீழே குடியிருக்கிறோம், நீ குடுவையை எப்படிக் கழுவுகிறாய் என்று நான் கேட்டதே இல்லை.

நீ கேட்ட கேள்விக்குப் பதில்: டீயில் எறும்பு கிடந்தது. அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிறகு எழுதுகிறேன். மணி அடித்துவிட்டது.

தங்கை

●

நவம்பர் 15, சனி

தங்கைக்கு,

புது சாரிடம் சொல்: கடைசி அலசலுக்குக் குழாய்த் தண்ணீர் கூடாது, வாலை வடிநீர், அதாவது காய்ச்சி வடித்த தண்ணீர், வேண்டும். கொஞ்சம் போதும். கழுவியதைத் துணியால் துடைக்காமல் கவிழ்த்து வைக்க வேண்டும். வெள்ளை படியாது. நீ கேட்டிருந்தால் உனக்கும் சொல்லியிருப்பேன்.

எறும்பு என்ன நிறம்?

நீ மூன்றாம் வகுப்பில் என் கண்ணாடிக் குழாயை உடைத்தபோதும் எறும்புதான் தள்ளிவிட்டது என்றாய். முப்பத்தைந்து வருடமாக அந்த எறும்பு உனக்காக உழைத்துக்கொண்டிருக்கிறது. அதற்கு ஓய்வு கொடு.

இங்கே சின்னவனின் மகளுக்கு அறிவியல் சொல்லிக்கொடுக்கிறேன். “பெரியப்பா, நீங்க சயின்ஸ் சாரா?” என்று கேட்டாள். இல்லைம்மா என்றேன். “அப்போ யாரு?” சார் கரும்பலகையில் எழுதுகிறாரே, அது மேசைமேல் அப்படியே நடக்கிற மாதிரி பார்த்துக்கொள்கிறவன் என்றேன். அவளுக்குப் புரிந்துவிட்டது. “அப்போ நீங்கதான் மேஜிக் பண்றவரு” என்றாள். எனக்கு அந்த வேலைதான் பிடித்திருக்கிறது. அதில் ஒன்றும் குறையில்லை. அதைத்தான் உன் படிவத்தில் எழுதினேன். வேறு எதையும் எழுதவில்லை.

கோபம் கொஞ்சம் ஆறிவிட்டது. வருத்தம் ஆறவில்லை. ஒன்று ஆறினால் மற்றது தானாக ஆறிவிடும் என்று நினைத்திருந்தேன்.

தலைமையாசிரியையிடம், முப்பதாம் தேதி அந்த ராஜினாமாக் கடிதத்தை எடுத்துப் படிக்கச் சொல்.

அண்ணன்

●

நவம்பர் 19, புதன்

அண்ணா,

எறும்பு இல்லை. டீயில் எதுவுமே இல்லை.

அச்சுப் பிழை என்று எழுதினேனே, அது பாதி உண்மை. மேல்விலங்கு அச்சகத்தில்தான் விழுந்தது. ஆனால் அச்சடிப்பதற்கு முன்னால் திருத்தச் சொல்லித் தாள்கள் என்னிடம் வந்தன. போன மாதம் ஒரு சனிக்கிழமை மதியம், சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து சிவப்புப் பேனாவோடு படித்தேன். அறுபத்துமூன்று பிழை பிடித்தேன். காவலாளியின் தினசரியில் ஒரு ‘ரி’ ‘றி’யாக இருந்ததைக்கூட விடவில்லை. பதினோராம் பக்கம் வந்தது. பார்த்தேன்.

பார்த்தேன் அண்ணா. பேனாவை அந்த எழுத்தின் தலைக்கு மேலே கொண்டுபோனேன். இப்படி ஒரு வளைவு, அரை நொடி வேலை. கை இறங்கவில்லை. உன் முகம், கையில் குடுவை, கீழே ‘படிப்பு: வேதியியல்’. பார்க்கச் சரியாக இருந்தது. பிழையே இல்லாத மாதிரி இருந்தது. நீ மாடியில் ரேடியோவைத் திருகிக்கொண்டிருக்கும் சத்தம் கேட்டது. நான் பக்கத்தைத் திருப்பிவிட்டேன்.

ஆசிரியர் அறையில் ஏன் தலை குனிந்தேன் என்று கேட்டாய். நிமிர்ந்திருந்தால் ‘அது பிழை’ என்று சொல்லியிருக்க வேண்டும். சொன்னால், “அப்போ அண்ணன் என்னதான் படிச்சார்?” என்று கேட்பார்கள். ஒரு வருடம் கல்லூரியில் வேதியியல் படித்தார், அப்பா போனதும் நிறுத்திவிட்டு இங்கே வேலைக்கு வந்தார், தங்கை படிக்க வேண்டும் என்பதற்காக என்று நான் என் வாயால் சொல்ல வேண்டும். அந்தத் தங்கை அதே அறையில் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தாள். நீ சுவரோரமாக நின்றுகொண்டிருந்தாய். அந்த அறைக்கு வரும்போதெல்லாம் நீ நிற்கத்தான் செய்கிறாய். பத்தொன்பது வருடத்தில் ஒரு நாள்கூட உனக்கு ஒரு நாற்காலியை இழுத்துப் போட எனக்குத் தோன்றவில்லை.

உன்னை நினைத்து எனக்கு வெட்கமில்லை அண்ணா. சத்தியமாக இல்லை. என்னை நினைத்துத்தான் வெட்கம். அதை உன் பெயருக்குக் கீழே ஒளித்து வைக்கப் பார்த்தேன். பிள்ளைகளிடம் ஒவ்வொரு வளைவுக்கும் அரை மார்க் பறிக்கிற நான், தெரிந்தே ஒன்றை விட்டேன். அது உன் தலையில் விழுந்தது.

இதைப் படித்த பிறகு நீ வர வேண்டாம் என்று நினைத்தாலும் உன்னைத் தப்புச் சொல்ல மாட்டேன். வந்தால் நன்றாக இருக்கும். ரொம்ப நன்றாக இருக்கும்.

தங்கை

●

நவம்பர் 24, திங்கள்

அண்ணா,

நீ பதில் போடவில்லை. போட வேண்டும் என்று இதை எழுதவில்லை. நடந்ததை யாராவது உனக்குத் திரித்துச் சொல்வதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன்.

இன்று காலைக் கூட்டத்தில் தலைமையாசிரியையிடம் கேட்டு ஒலிபெருக்கியை வாங்கினேன். வேலை செய்கிறதா என்று இரண்டு முறை தட்டிப் பார்த்தேன். இத்தனை வருடமாகத் தினமும் அதே மைதானத்தில் பேசுகிறவள்தான். “மலர்ல பதினோராம் பக்கத்துல ஒரு பிழை இருக்கு. ‘படிப்பு’ இல்ல, ‘பிடிப்பு’. அச்சுல விழுந்தது, ஆனா நான் பார்த்தேன். பார்த்துட்டுத் திருத்தாம விட்டேன். லேப் அண்ணா பொய் சொல்லல. பொய் நான் சொன்னது” என்றேன். எனக்காக நீ படிப்பை நிறுத்தியதையும் சொன்னேன். சொல்லாதே என்று நீ எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறாய். மன்னித்துவிடு, இந்த ஒரு தடவை கேட்கவில்லை.

ஆறாம் வகுப்பு வரிசையில் முன்னால் நிற்கும் ஒரு வாலு, “டீச்சர், அப்போ உங்களுக்கு அரை மார்க் கட்டா?” என்று கேட்டாள். “முழு மார்க்கும் கட்” என்றேன். மைதானமே கை தட்டியது. எனக்கு மார்க் போனதில் அவ்வளவு சந்தோஷம்! விளையாட்டு சார் கண்ணைத் துடைத்துக்கொண்டு, தூசி என்றார். அவருக்கு எப்போதும் வலி கெண்டைக்காலில்தானே வரும், கண்ணுக்கு எப்போது மாறியதோ.

மலர்களைத் திரும்பக் கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன். இன்றைக்கே இருநூற்றுப் பதினாறு வந்துவிட்டன. ஒவ்வொன்றிலும் என் கையாலேயே சிவப்பு மையில் மேல்விலங்கு போடுகிறேன். உதவிக்கு வந்தவர்களை விடவில்லை. புது சார் மட்டும் பக்கத்தில் உட்கார்ந்து மை காயும் வரை ஊதிக்கொண்டிருந்தார். அவர்தான் சொன்னார், ஆசிரியர் அறை ஜன்னலோரம் ஒரு நாற்காலி போட்டிருக்கிறாராம். யாராவது உட்காரப் போனால், “அது ஆள் இருக்கிற இடம்” என்கிறாராம்.

இன்னொன்று. தலைமையாசிரியை என்னைக் கூப்பிட்டு, இழுப்பறையிலிருந்து உன் ராஜினாமாவை எடுத்துக் காட்டினார். “டீச்சர், தமிழ்ல எனக்கு ஒரு சந்தேகம்” என்றார். “பணியிலிருந்து என்னை ‘விளக்கிக்கொள்கிறேன்’னு எழுதியிருக்கார். விலகறதுக்கு இந்த ‘ள’வா?” இல்லை, அது பாத்திரம் தேய்க்கிற ‘ள’ என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, “அப்போ இவர் வேலையை விடறேன்னு சொல்லவே இல்லையே. எதையோ தேய்ச்சுக் கழுவறேன்னுதானே சொல்றார்? கழுவட்டும். அதுக்குத்தானே அவர் இங்க இருக்கார்” என்று மறுபடியும் இழுப்பறையில் போட்டுவிட்டார். சரியான எழுத்தில் நீ வேறொரு கடிதம் எழுதித் தராதவரை இது செல்லாதாம். சிவப்புப் பேனா என் கையில்தான் இருந்தது. திருத்தித் தரவா என்று நான் கேட்கவில்லை. இந்த ஒரு பிழையை நான் திருத்தவே மாட்டேன், என்ன வேண்டுமானாலும் சொல்.

படிகத்தின் பக்கம் போகவில்லை. தூரத்திலிருந்து பார்த்தேன். மழுங்கிய முனைகளில் ஒன்று கூராகிவிட்டது.

தங்கை

●

நவம்பர் 27, வியாழன்

அரைமார்க்குக்கு,

உன் பத்தொன்பதாம் தேதிக் கடிதத்தை எட்டு முறை படித்தேன். பதில் எழுத உட்கார்ந்தேன். அடுத்த கடிதமும் வந்துவிட்டது. சின்னவன் அதைச் சத்தமாகப் படித்து, ஆறாம் வகுப்பு வாலு வரும் இடத்தில் அவனே கை தட்டினான்.

நீ மட்டும் ஒளித்தாய் என்று நினைக்காதே. அந்தப் படிப்புக் கோட்டைக் காலியாக விட்டது யார்? ‘முதல் வருடம் வரை’ என்று எழுத எனக்கு எத்தனை நேரம் ஆகும்? நான்தான் விட்டேன். வெட்கமில்லை என்று உனக்கு வீராப்பாக எழுதினேனே, முழுக்க உண்மையில்லை. கொஞ்சம் இருந்தது. நீ மிச்சப் பிரதிகளில் மேல்விலங்கு போடும்போது மேலே அந்தக் கோட்டையும் போட்டு இப்படி எழுது. படிப்பு: கல்லூரியில் ஒரு வருடம், ஆய்வகத்தில் இருபத்தொன்பது. பிடிப்பு: வேதியியல். எழுதி முடித்ததில் மறுபடி எழுத வேண்டுமே என்று முனகாதே, உன் கையெழுத்து அழகுதான்.

உன்னைப் படிக்க வைத்ததற்காக நான் ஒரு நாளும் வருந்தியதில்லை. நீ நாற்காலியில் உட்கார்ந்திருப்பதைப் பார்க்கத்தான் அந்த அறைக்கே வருவேன். இல்லையென்றால் எனக்கு அங்கே என்ன வேலை? டீயும் சுமார்தான். இனிமேல் ஜன்னலோரம் உட்கார்ந்து பார்க்கிறேன்.

ஞாயிறு சாயங்கால வண்டியில் வருகிறேன். மாப்பிள்ளையைக் கேரம் பலகைக்குப் பவுடர் போட்டு வைக்கச் சொல். நீ ரயில் நிலையத்துக்கு வராதே, வந்தால் அழுவாய், பெட்டியை யார் தூக்குவது? சரி, வா.

அந்த ‘ள’வைப் பற்றி. உன்னோடு ஒரே வீட்டில் இருந்துகொண்டு ‘ல’வுக்கும் ‘ள’வுக்கும் வித்தியாசம் தெரியாமல் போகுமா எனக்கு? அன்று கோபத்தில் எழுதும்போது கை தவறியது உண்மை. மடிப்பதற்கு முன்னால் ஒரு முறை படித்தேன். பிழை கண்ணில் பட்டது. பேனா கையில்தான் இருந்தது. திருத்தவில்லை. ஏன் என்று அப்போது எனக்கே தெரியவில்லை. நீ பதினோராம் பக்கத்தைத் திருப்பினேன் என்று எழுதியதைப் படித்தபோதுதான் தெரிந்தது, விலக எனக்கு மனசில்லை என்று.

அண்ணன்